நேற்று எப்படி இருந்தார்? அவசரப் பிரிவில் பெரியவருடன் காத்திருப்பவருக்கு ஒரு வழிகாட்டி

செஞ்சி நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுப் பெரியவருக்குத் திடீரென உடம்பு முடியாமல் போனால், பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் செஞ்சி அரசு மருத்துவமனை. அங்கேயே சரிசெய்யக்கூடியது என்றால் சிகிச்சை தந்து அனுப்பிவிடுவார்கள், அல்லது சேர்த்துக்கொள்வார்கள். கூடுதல் வசதி தேவைப்பட்டால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கும் போகிறவர்களும் உண்டு.

எங்கே போனாலும் ஒன்று பொதுவானது: காத்திருப்பு. டாக்டர் பார்க்க, ரத்தப் பரிசோதனை முடிவு வர, ஸ்கேன் எடுக்க, வார்டில் படுக்கை கிடைக்க என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். சில மணி நேரம் ஆகலாம், ஒரு இரவே கூட ஆகலாம். "சும்மா உட்கார வெச்சிட்டாங்க" என்று கூட வந்தவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த நேரம் சும்மா போகிற நேரம் அல்ல. வயதானவரின் உடல்நிலை அதற்குள் மாறலாம். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

வரிசை எப்படிப் போகிறது?

புறநோயாளிகள் பிரிவில் முதலில் வந்தவரை முதலில் பார்ப்பார்கள். அவசரப் பிரிவில் அப்படி இல்லை. உயிருக்கு யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் முதலில். இந்தத் தரம்பிரிப்பை 'டிரையாஜ்' என்கிறார்கள். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் இயங்கும் அரசு மருத்துவமனைகளில் இதற்கு நிறங்கள் உண்டு. உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலைக்குச் சிவப்பு. விரைவில் கவனிக்க வேண்டும், ஆனால் இந்த நிமிடம் நிலையாக இருக்கிறார் என்றால் மஞ்சள். சிறிது நேரம் காத்திருக்கலாம் என்றால் பச்சை.

நீங்கள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இப்போதுதான் 108-இல் வந்து இறங்கியவரை உள்ளே கொண்டுபோவார்கள். அது பாரபட்சம் அல்ல. உங்கள் அப்பா சிவப்பில் வந்திருந்தால் அவருக்கும் மற்றவர்கள் வழிவிட்டிருப்பார்கள்.

ஆனால் பெரியவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இளைஞருக்கு வரும் அறிகுறிகள் வயதானவருக்கு அதே மாதிரி வருவதில்லை. மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலி இல்லாமல் இருக்கலாம். குறிப்பாக சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குதல், வாந்தி, வியர்வை, அசதி மட்டுமே தெரியலாம். கடுமையான நோய்த்தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று வந்தவர் "எரியுது" என்று சொல்லாமல், ஆளே குழம்பிப்போய் ஏதேதோ பேசலாம். சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது. அதனால் உள்ளே பெரிய தொந்தரவு இருந்தும் வெளியே எண்கள் சாதாரணமாகத் தெரியும்.

ஓர் உதாரணம். வழக்கமாக 160 பிரஷர் இருக்கும் அம்மாவுக்கு இன்று 110 காட்டுகிறது. பொதுவாகப் பார்த்தால் அது நல்ல எண். அந்த அம்மாவுக்கு மட்டும் அது பெரிய இறக்கம். மருத்துவருக்கும் செவிலியருக்கும் நோயைத் தெரியும். அம்மா நேற்று எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் சரியான நிறம் கிடைக்கும்.

கிளம்பும் முன்

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சு குழறுதல், நினைவு தவறுதல், வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு, கீழே விழுந்து தலையில் அடி ஆகிய எதுவாக இருந்தாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 2008-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. வண்டியிலேயே பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும். ஊரின் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, ரேஷன் கடை என்று ஏதாவது ஓர் அடையாளமும் சொல்லுங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும் அமாவாசை நாட்களில் செஞ்சி வழிச் சாலைகளில் நெரிசல் இருக்கும். அந்த நாட்களில் இன்னும் சீக்கிரம் முடிவெடுப்பது நல்லது.

பக்கவாதம் என்று சந்தேகம் இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "கடைசியாக அவர் நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும்.

வண்டி வருவதற்குள் ஒரு துணிப்பையில் இவற்றை எடுத்து வையுங்கள்:

• இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. 'வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதுவும்.
• பழைய சீட்டுகள், ஈ.சி.ஜி., ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், பிரஷர், சுகர் அளவு எழுதிய பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய நிலைக்கு அதுதான் சாட்சி.
• ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை.
• மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட், ஊன்றுகோல்.
• ஒரு போர்வை, மாற்று வேட்டி அல்லது புடவை, துண்டு, தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர்.

கண்ணாடியும் காதுக் கருவியும் அவசரத்தில் வீட்டிலேயே தங்கிவிடும். ஆனால் அவைதான் முக்கியம். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் புது இடத்தில் படுத்திருக்கும் பெரியவர் சீக்கிரம் குழம்பிப்போவார்.

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, பக்கத்து வீட்டுக்காரரே பெரியவரை அழைத்துவருவதும் நடக்கிறது. அப்படியானால் விவரம் தெரிந்த மகனோ மகளோ போனில் தயாராக இருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளின் படம் போனில் முன்பே இருந்தால் ரொம்ப உதவும்.

போனதும் என்ன சொல்வது?

அவசரப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் முக்கியமானது விட்டுப்போகும். நாலு விஷயம் போதும்: வயது, என்ன ஆயிற்று, எப்போதிருந்து, வழக்கத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது.

"சிஸ்டர், அம்மாவுக்கு 76 வயசு. சுகர், பிரஷர் இருக்கு. நேத்து வரைக்கும் தானே நடந்து போய்க் குளிச்சாங்க, பேரன் பேத்திங்க பேரெல்லாம் சொன்னாங்க. இன்னிக்குக் காலையில ஆறு மணியிலிருந்து எழுந்து நிக்க முடியல, என்னையே யாருன்னு கேக்குறாங்க."

இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு உடனே புரியும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். ஒரே நாளில் வந்த மாற்றம் முதுமை அல்ல, அது நோய்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை: ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அது (தலையில் அடிபட்டவருக்கு இது உயிர் காக்கும் தகவல்), மருந்து ஒவ்வாமை, சமீபத்திய ஆபரேஷன், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுத்த நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம்.

விபத்து, கீழே விழுந்த காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். 'ஏ.ஆர். போடுவது' என்று சொல்வது அதைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாத 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டம், அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

காத்திருக்கும் நேரத்தில்

தண்ணீரும் சாப்பாடும்: முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆபரேஷனோ சில வகை ஸ்கேனோ தேவைப்பட்டால் வெறும் வயிறு வேண்டியிருக்கும். பேச்சு குழறுகிறவருக்கும் அரை மயக்கத்தில் இருக்கிறவருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கூட மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். கொடுக்கலாம் என்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கூடாது என்றால் எத்தனை மணி வரைக்கும் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாததாலேயே ஒரு பெரியவர் நாள் முழுக்கப் பட்டினி கிடக்கக் கூடாது.

மாத்திரை: வீட்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். "இந்த நேரத்துக்கு இந்த மாத்திரை போடுவார், கொடுக்கலாமா?" என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சாப்பிடாமல் இருப்பவருக்கு இன்சுலினோ சுகர் மாத்திரையோ கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். உடம்பு சில்லிட்டு வியர்த்தல், கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, தூங்கி வழிதல் இதன் அறிகுறிகள். அதே நேரம் வலிப்பு மாத்திரை, பார்கின்சன் நோய் மாத்திரை போன்றவற்றை நேரம் தவறவிடக் கூடாது.

உடம்பு: ஸ்ட்ரெச்சர் கட்டையாக இருக்கும். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் குதிகால், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கும். கழுத்திலோ இடுப்பிலோ அடிபடாதவர் என்றால், திருப்பலாமா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

கழிப்பறை: பல பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அடக்கிவைப்பார்கள், அல்லது சொல்லாமல் தானே எழுந்து போய் விழுவார்கள். மகனிடம் சொல்ல அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். நீங்களே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். வீல்சேர், பெட்பேன் வேண்டுமென்று மருத்துவமனைப் பணியாளரிடம் கேட்கலாம். அம்மாவுக்குத் துணையாக ஒரு பெண்ணும், அப்பாவுக்குத் துணையாக ஓர் ஆணும் இருந்தால் இந்தச் சங்கடம் பாதி குறையும்.

மனசு: மருத்துவமனையில் சில பெரியவர்கள் திடீரென ஆள் மாறிப்போவார்கள். "வீட்டுக்குப் போலாம் வா", "மாட்டைக் கட்டணும்" என்பார்கள். ஊசி போட்ட குழாயைப் பிடுங்குவார்கள். இது பைத்தியமும் அல்ல, மறதி நோயும் அல்ல. டெலிரியம் என்ற திடீர்க் குழப்ப நிலை. சில மணி நேரத்தில் வரும், ஏறி இறங்கும், இரவில் அதிகமாகும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும். சத்தம் போடாமல், ஓயாமல் தூங்கிக்கொண்டே இருப்பதும் இதன் இன்னொரு வடிவம். "பாவம், நல்லாத் தூங்குறாரு" என்று விட்டுவிடுவதால் இதுதான் அதிகம் தவறிப்போகிறது.

அப்போது வாதாட வேண்டாம், அதட்ட வேண்டாம். கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். முகத்துக்கு நேராக வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லுங்கள்: "அப்பா, நான்தான். நாம ஆஸ்பத்திரியில இருக்கோம். ராத்திரி பத்து மணி ஆவுது. ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வரணும். நான் இங்கேயேதான் இருக்கேன்." பத்து முறை கேட்டாலும் பத்து முறை சொல்லுங்கள். பிறகு செவிலியரிடம் போய் எத்தனை மணியிலிருந்து இப்படி என்று சொல்லுங்கள்.

எப்போது எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்?

தரம்பிரிப்பு என்பது வந்த நேரத்து நிலையை வைத்துச் செய்தது. நிலை மாறினால் நிறமும் மாற வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் உங்கள் முறை வரும் வரை காத்திருக்காதீர்கள்:

• மூச்சு வேகமாதல், திணறல், உதடு நீலமாதல்
• புதிதாக நெஞ்சு வலி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுதல்
• எழுப்பினால் எழாமல் இருத்தல், புதிய குழப்பம்
• வாய் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சு குழறுதல்
• கை கால் சில்லிடுதல், தலைசுற்றிச் சாய்தல்
• ரத்த வாந்தி, கறுப்பு மலம்
• பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல்
• தாங்க முடியாத அளவுக்கு வலி கூடுதல்

போய் நின்று "எவ்வளவு நேரம்தான் உக்கார வெப்பீங்க?" என்று கேட்டால் பதில் "வெயிட் பண்ணுங்க" என்றுதான் வரும். "சிஸ்டர், பத்து மணிக்கு வந்தப்போ அப்பா பேசிக்கிட்டு இருந்தாரு. இப்போ பதினொண்ணரை. கூப்பிட்டா கண்ணு மட்டும் திறக்குறாரு. ஒருதரம் வந்து பாருங்க" என்று சொன்னால், அது மறுபடி பரிசோதிக்க வேண்டிய தகவல். முதலாவதில் கோபம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் நேரமும் மாற்றமும் இருக்கின்றன. சத்தம் போடத் தேவையில்லை. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை என்றால் பணியில் உள்ள மருத்துவரைத் தேடிப் போய் இதையே சொல்லுங்கள்.

இதற்காக ஒரு துண்டுச் சீட்டில் அரை மணிக்கு ஒருமுறை குறித்துவையுங்கள்: நேரம், பேசுகிறாரா, மூச்சு எப்படி, வலி எப்படி, என்ன கொடுத்தார்கள். ஆள் மாறி உட்காரும்போதும், இரவுப் பணி மருத்துவர் புதிதாக வந்து கேட்கும்போதும் அந்தச் சீட்டு பேசும்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பினால்

செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் கிளம்பும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். என்ன சந்தேகப்படுகிறார்கள்? எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்? இங்கே என்ன மருந்து, ஊசி கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு? வழியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பரிந்துரைச் சீட்டையும் ஈ.சி.ஜி. தாளையும் கையில் வாங்காமல் நகராதீர்கள். அடுத்த இடத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவது அந்தத் தாள்கள்தான். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றவும் 108 வண்டி கட்டணமின்றி வரும். வண்டி வரச் சற்று நேரமானாலும், ஆக்சிஜன் தேவைப்படுகிறவரை ஆட்டோவிலோ காரிலோ ஏற்றிப் போவது ஆபத்து. முடிவை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். புது இடத்தில் மறுபடி தரம்பிரிப்பு நடக்கும். மறுபடியும் நேற்றைய நிலையிலிருந்து சொல்லுங்கள்.

சட்டமும் உதவியும்

60 வயது நிறைந்தவர் சட்டப்படி மூத்த குடிமகன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 20-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்கு இயன்றவரை படுக்கை தர வேண்டும், தனி வரிசை வேண்டும் என்கிறது. வரிசையில் நிற்க முடியாதவர் என்றால் தயங்காமல் இதைக் கேட்கலாம். அவசரப் பிரிவில் மட்டும் வயதைவிட ஆபத்தே முதலில் பார்க்கப்படும்.

ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை மேற்கு வங்கத்தின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும். ஆகவே அட்டை கொண்டுவரவில்லை, கையில் பணம் இல்லை என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். முதலில் வாருங்கள், தாள்களைப் பிறகு கொண்டுவரச் சொல்லலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவைப்பது நல்லது. விவரங்களுக்கு 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கும் மருத்துவமனைச் சேவை குறித்த புகாருக்கும் 104. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

துணை இருப்பவரும் மனிதர்தான்

ஒரே ஆள் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தால் விடியற்காலையில் எதையும் கவனிக்க முடியாது. இரண்டு பேர் முறைவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரியவர் பக்கத்திலேயே, இன்னொருவர் சீட்டு, மருந்து, ரிப்போர்ட் வேலைக்கு. ஆனால் மருத்துவரிடம் பேசுவது ஒருவராகவே இருக்கட்டும். பத்து பேர் சூழ்ந்து நின்றால் காற்றும் குறையும், நோயாளிக்குப் பதற்றமும் கூடும். நீங்களும் சாப்பிடுங்கள், உங்கள் மாத்திரையையும் மறக்காதீர்கள். பெற்றோருக்குத் துணை வந்த பிள்ளைக்கே அறுபது வயது இருக்கும் காலம் இது.

அன்றே வீட்டுக்கு அனுப்பினால் கிளம்பும் முன் மூன்று கேள்விகள்: என்ன நோய் என்று முடிவுசெய்தீர்கள்? பழைய மாத்திரைகளில் எது தொடர வேண்டும், எது நிறுத்த வேண்டும்? என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, அவரை எழுப்பி நான்கு அடி நடக்க வைத்துப் பாருங்கள். நேற்று தானே நடந்தவர் இன்று பிடிக்காமல் நிற்க முடியவில்லை என்றால், வாசலைத் தாண்டும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.